ஒற்றைப் படுக்கை வண்டி

ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும், சார். குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தில் அது தாராளமாகவே அடங்கும். தலைமாட்டில் ஒரு அடுப்பு, கால்மாட்டில் தண்ணீர்க் கேன், கட்டிலுக்கு அடியில் துணிமணி. என் தம்பி ஆபேல் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

குளச்சல் துறைமுகத்து மீன் வண்டிகளுக்குப் பெட்டி கட்டுவது என் தொழில். ஐஸ் உருகாமல் இருக்க இரண்டு தகரத்துக்கு நடுவே தெர்மாகோல் வைத்து, கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டி, காற்றுப் புகாமல் அடைப்போம். ஆபேலும் நானும்தான் பட்டறை. அம்மை சாகும்போது அவன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்கல் சூளை வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து அவன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். எனக்குக் கல்யாணமான பிறகும் அடுத்த அறையில்தான் அவன் கட்டில். நடுக்கதவு திறந்தே இருக்கும். "நீரு என்னையா கெட்டினீரு, ஒம்ம தம்பியையா?" என்று என் மனைவி ஷெர்லி கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள், முதல் சில வருடங்கள்.

ஆபேலுக்கும் சம்பந்தங்கள் வந்தன. நான்தான் வேண்டாமென்று சொல்லி அனுப்பினேன். எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

போன மாதம் ஒருநாள் அவன் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வண்டியின் அளவைக் கோடு போட்டான். எவனோ ஒருவன் வண்டிக்குள்ளேயே தனியாகக் குடியிருந்து ஊர் ஊராகப் போவதை ஃபோனில் பார்த்திருக்கிறான். பழைய மீன் பெட்டி ஒன்றை அதுபோல மாற்றிக்கொண்டு கிளம்பப் போகிறானாம்.

"எங்கல போவ?" என்றேன்.

"வண்டி போற எடத்துக்கு."

"எப்பம் வருவ?"

"அதையும் நெனச்சிட்டுப் போனா, பின்ன அது போறதாண்ணே?"

கோட்டுக்குள் ஒரு கட்டில்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் மடக்குப் பலகை வைத்தால் இன்னொரு ஆளும் படுக்கலாம் என்று நான் இன்னொரு கோடு போட்டேன். மறுநாள் காலை அந்தக் கோட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்திருந்தான். எனக்குக் கோபம் வரவில்லை. தரை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

வண்டியை நானும் சேர்ந்துதான் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். பக்கத்துப் பட்டறை பெனின் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"லேய் ஆபேலு, பொரண்டு படுக்கணும்னா வெளிய எறங்கிட்டுத்தான் ஏறணும் போலிருக்கே?"

"அண்ணன் கொறட்டைக்குப் பொரண்டு பொரண்டே பாதி ஆயுசு போச்சு மக்கா. இனி மல்லாந்தே கெடப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்புவதாக இருந்தான். வெள்ளிக்கிழமை உள்சுவரில் ரெக்சின் ஒட்டும் வேலை. அந்தப் பசையின் நெடி மண்டையைப் பிடிக்கும், அதிகம் இழுத்தால் ஆளையே சாய்த்துவிடும். கதவைத் திறந்துபோட்டு, ஃபேன் வைத்துத்தான் ஒட்டுவோம். உள்பக்கக் கைப்பிடியை ரெக்சின் ஒட்டி முடித்த பிறகே பொருத்துவது வழக்கம். ஆகவே அன்று கொக்கி வெளிப்பக்கம் மட்டும்தான். ஜன்னல் ஓட்டையைக் காலையிலேயே நான் தகரம் வைத்து ரிவெட் அடித்து மூடியிருந்தேன். மழை வரும்போல் இருந்தது. அன்று மழை வரவில்லை.

நீங்கள் எஃப்.ஐ.ஆரில் இதை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். "அண்ணன் தட்ட மறந்திருப்பாரு சார்" என்று பெனின் சொன்னதை நானும் கேட்டேன். ஷெர்லியும் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறந்துட்டேன்னு மட்டும் சொல்லும், பிள்ளைகளுக்கு வேண்டி" என்றாள். அதனால்தான் நானாகவே வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பெட்டியின் மூலையில் குனிந்து ஐஸ் அள்ளுகிற ஆள் வெளியே நிற்பவன் கண்ணில் படமாட்டான். அதனால் கதவைச் சாத்துகிறவன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். தெர்மாகோல் சத்தத்தை விழுங்கிவிடும். உள்ளே இருக்கிறவன் பதிலுக்குத் தட்டினால் காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியும். தெரிந்தால் கொக்கி போடக் கூடாது. துறைமுகத்தில் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவன்கூட இதைத் தவறவிட மாட்டான். ஆபேலுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மதியம் பெனின் சாப்பிடப் போயிருந்தான். ஆபேல் உள்ளே மூலையில் முட்டிபோட்டுப் பசை தடவிக்கொண்டிருந்தான். ஃபேனை எடுத்து வெளியே வைத்தேன். கதவைச் சாத்தினேன். இரண்டு தட்டுத் தட்டினேன். அவனும் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினான். விளையாட்டு என்று நினைத்திருப்பான், அந்தத் தட்டில் அவசரம் இல்லை. ஆள் உள்ளே இருக்கிறான் என்று உறுதியான பிறகுதான் கொக்கியை மாட்டினேன். மறதி என்று எழுதினால் நான் தொழில் தெரியாதவன் என்று ஆகிவிடும், சார். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகு அவன் நிறையத் தடவை தட்டினான். நான் எங்கேயும் போகவில்லை. தகரம் வெயிலில் சுட்டது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. தட்டு நிற்கும்வரை என் உள்ளங்கை அங்கேயேதான் இருந்தது. ஒண்டியாகப் போக வேண்டுமென்றுதான் அவன் ஆசைப்பட்டான். நான் கடைசிவரை கூடவே நின்றேன், சார். பிள்ளையைத் தனியாக விடவில்லை.