மாத்திரை டப்பாவுக்குள் இருந்த தாள்

தேனியிலிருந்து கோம்பை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: “நேத்து வலிப்பு மாத்திரைய நான் போடலங்க.”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “ஏன் புள்ள? ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு தேனி டாக்டர் சொன்னாகல்ல?”

“டப்பாக்குள்ள ஒரு தாளு இருந்துச்சு. எல்லாம் இங்கிலீஷு. போன்ல போட்டோ எடுத்தேன், தமிழ்ல காட்டுச்சு. இந்தாங்க, வாசிங்க.”

அவன் போனை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தான். “தலைசுற்றல் வரலாம், தூக்கம் வரலாம்... இதுக்கா பயந்த?”

“அதுக்குக் கீழ பாருங்க.”

“கர்ப்பிணிகள் மருத்துவரிடம் தெரிவிக்கவும்... இது நமக்கு எதுக்கு...” பாதியிலேயே நிறுத்திவிட்டான். “நெசமாவா?”

அவள் தலையசைத்தாள். அவன் முகம் மலர்ந்தது; உடனே வாடியும்விட்டது.

“மாத்திரை பிள்ளைக்கு ஆகாதோன்னுதான் போடல,” என்றாள்.

“போடாம வலிப்பு வந்துச்சுன்னா? ரெண்டு பேருக்குமில்ல ஆபத்து?”

“அதான் ராத்திரி பூராம் தூங்கல.”

அவன் மறுபடி போனைப் பார்த்தான். “நிறுத்துன்னு இதுல போடல, புள்ள. டாக்டர்கிட்ட சொல்லுன்னுதான் போட்டிருக்கு.”

சின்னமனூரில் அவளைக் கைப்பிடித்து இறக்கினான். எதிரே தேனி பஸ் நின்றிருந்தது.

“கோம்பைக்குல்ல டிக்கெட் எடுத்தீக?” என்று கண்டக்டர் கேட்டார்.

“ஆமாண்ணே. வீட்டுல ஒரு நல்ல சேதி சொல்லணும். அதுக்கு முந்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துர்றோம்.”