மர்ஸாவின் வரவேற்புப் பக்கம்

வரவேற்பு எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறைகூட எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதிகம் குழைந்தால் வியாபாரி பேசுவதுபோல் இருக்கும். விறைத்துக்கொண்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். மர்ஸாவுக்கு நான் எழுதியது இரண்டுமில்லாமல் நன்றாக அமைந்தது. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மர்ஸா என்பது கைபேசிக்கான இயங்குதளம். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. அலெக்ஸாண்ட்ரியாவில் நாங்கள் சிலபேர் பிழைப்பு போக மிச்சமிருந்த நேரத்தில் செய்தது. மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். பழைய கைபேசியில் அதை ஏற்றிக்கொண்டால் உங்களை வேவு பார்க்க உள்ளே ஒன்றும் இருக்காது. இன்றைக்கும் சோதித்துப் பாருங்கள், நிரலில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. நான் அதில் கைவைத்ததே இல்லை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

லுத்ஃபிதான் எங்களுக்குத் தலைமை. ஒரு வரி நிரலை மாற்றினாலும் மூன்றுபேர் பார்த்துச் சம்மதித்தால்தான் உள்ளே போகும். மூவரில் ஒருவன் லுத்ஃபி என்றால் எழுதியவனுக்கு அழுகையே வந்துவிடும், அப்படித் துருவுவான். ஆனால் விளக்கம், முகவுரை போன்ற எழுத்து வேலையெல்லாம் யாரும் பார்க்காமலே போய்விடும். ஒருநாள் கடற்கரைக் காபிக்கடையில், நான் எழுதுவதைப் படிக்கிறாயா என்று அவனைக் கேட்டேன்.

"உன் எழுத்த எதுக்குப் பாக்கணும், கவிஞரே? அது என்ன, நிரல் மாதிரி பாதியில நின்னுபோகப் போகுதா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது.

அந்தக் குளிர்காலத்தில் என் தம்பி பஹ்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு கூட்டத்தில் போய் நின்றிருக்கிறான், அவ்வளவுதான். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் போகாத அலுவலகம் இல்லை. கடைசியில் ஒரு கதவு திறந்தது. உள்ளே இருந்த அதிகாரியை ஸுஹைர் பே, அதாவது ஸுஹைர் ஐயா, என்று அழைத்தார்கள். மரியாதையான மனிதர். டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டுப் போடச் சொன்னார். நிரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் வரவேற்புப் பக்கத்தை அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார். அங்கங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"நல்லா எழுதுறீங்க, உஸ்தாத். இந்த ஒரு வாக்கியம்தான் உறுத்துது. வர்றவங்கள வாசல்லயே நிறுத்திப் பயமுறுத்தலாமா?"

அவர் காட்டிய வாக்கியம் இதுதான்: 'இங்கே உங்கள் உண்மைப் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம்.'

தம்பியைப் பற்றியும் பேசினார். அது இருக்கட்டும். வாக்கியத்தைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எழுத்து என்ற அளவில் சொல்கிறேன். அதை எடுத்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் எங்கள் உறுப்பினர் பகுதிக்குள் வந்து ஒரு ஸலாம் சொல்லட்டும், எந்த ஊர், எந்தக் கைபேசி, எது உங்களை இங்கே கொண்டுவந்தது என்று நாலு வார்த்தை பேசட்டும் என்று எழுதினேன். லுத்ஃபி வழக்கம்போலப் படிக்காமல் சரி போட்டான்.

எங்கள் ஆட்கள் விசித்திரமானவர்கள். கடைக்காரன் கேட்டால் கைபேசி எண்ணைத் தரமாட்டார்கள். கணினிக் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். ஆனால் ஒருவன் சம்பளம் வாங்காமல் 'வாருங்கள்' என்று சொல்லிவிட்டால் மனதில் இருப்பதையெல்லாம் அவனிடம் கொட்டிவிடுவார்கள். கொட்டினார்கள். யார் வந்தார்கள், எதற்குப் பயந்து வந்தார்கள் என்பதை ஸுஹைர் பேவுக்கு எழுதி அனுப்பினேன். தம்பி உள்ளே இருக்கும்போது ஒருவன் வேறு என்ன செய்வான்? என் கையில் எதுவும் இல்லை என்றுதான் அப்போது தோன்றியது.

சிலர் ஸலாம் சொன்னதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. மர்ஸா பிடிக்கவில்லைபோலும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஷாஹிந்தா கோடை முடிந்த பிறகு வந்தாள். டெல்டா பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே பெண்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவள் கைபேசியில்தான் இருந்தது. ஏற்றும்போது பாதியில் மாட்டிக்கொண்டு எனக்கு எழுதினாள். லுத்ஃபியிடம் கேட்டுக் கேட்டு, பொறுமையாக வழிசொன்னேன். ஏறி முடிந்ததும் அவளுக்குச் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷம். பிறகு ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நான் யாருன்னு இங்க சொல்லலாமா? எனக்காகக் கேக்கல. என்னை நம்பி நிறையப் பேரு இருக்காங்க."

"தாராளமா சொல்லும்மா. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்று எழுதினேன்.

சொன்னாள். ஆலை, ஷிப்டு, கூட இருப்பவர்கள், எல்லாவற்றையும்.

அவளையும் அவளோடு வேலைசெய்த பெண்களையும் கொண்டுபோய்விட்டார்கள், யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று அவள் அண்ணன் அதே இடத்தில் வந்து கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. லுத்ஃபி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஓட்டை தன்னுடையதுதான் என்று முடிவே செய்துவிட்டான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன். பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதும் அவன் என் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ஷாஹிந்தா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். பஹ்கத்தைக் கோடைக்கு முன்பே விட்டுவிட்டார்கள். ஷாஹிந்தாவுக்கு நான் அந்தப் பதிலை எழுதியபோது அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டியும் அவரைப்பயறு மசித்த ஃபூலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வந்த அன்றே, இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ஸுஹைர் பே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் எழுதுவதைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர் அவர் ஒருவர்தான்.