விருப்பம்: இல்லை

— "மதிப்புக்குரிய"வை அடிங்க.

— அடிச்சிட்டு என்ன போட? வெறும் "ஐயா"வா?

— ஐயாவும் வேண்டாம். நேரா விஷயத்துக்கு வாங்க. "இருபத்தியொரு வருஷமா என் சம்பளத்துல பிடிச்ச பணத்தை என்ன பண்ணீங்க?"

— புகார்க் கடுதாசி இப்படி ஆரம்பிச்சா முதல் வரியோட குப்பைத்தொட்டிக்குப் போயிடும். கொஞ்சம் பதமா...

— இருபத்தியொரு வருஷம் பதமா இருந்தாச்சு. எழுதுங்க.

— எழுதறேன்... "எனது ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு தொடர்பாக..."

— "தொடர்பாக"வா? தெருக்குழாய்ல தண்ணி வரலைன்னு எழுதற மாதிரி இருக்கு.

— சரிம்மா, நீயே சொல்லு. வார்த்தை வார்த்தையா. நான் எழுதறேன்.

— "நான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிறவ. ஒரு நாளைக்கு நூத்தியிருபது கை. எல்லாம் நின்னுகிட்டே. அடுத்த மாசக் கடைசியில ஓய்வு. மாசாமாசம் சம்பளம் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க கணக்குக்குப் பணம் போச்சு."

— "போயிற்று."

— போச்சு. அப்படியே எழுதுங்க.

— ம்...

— "இந்தப் பணத்துக்கு வரி கிடையாது, வயசான காலத்துல தானா வளர்ந்து நிக்கும்னு சொல்லித்தானே சேர்த்தீங்க?"

— அதுல வரி விஷயம் நிஜம்தானே. வருஷாவருஷம் மிச்சமாச்சு இல்ல?

— அந்தச் சேமிப்பு ஆபீஸ் கவுண்ட்டர்காரன் மாதிரியே பேசறீங்க. அவனும் இதைத்தான் சொன்னான். "வரிச்சலுகை முழுசா கிடைச்சிருக்கேம்மா"ன்னு. மாடு தொலைஞ்சு போச்சு, கயிறு பத்திரமா இருக்குன்னு ஆறுதல் சொல்றான்.

— அவன் என்ன பண்ணுவான், பாவம். கம்ப்யூட்டர் காட்டறதைச் சொல்றான்.

— கம்ப்யூட்டர் என்ன காட்டுச்சு? போட்டது பதினாலு லட்சம். இருக்கிறது பதிமூணே முக்கால். அதை எழுதுங்க. பெரிசா எழுதுங்க.

— எழுதிட்டேன்.

— அந்தக் கால் லட்சம் எங்க போச்சு? பராமரிப்புக் கட்டணமாம். ஒரு பங்குல போடல, ஒரு பத்திரத்துல போடல, வட்டின்னு ஒரு காசு இல்ல... சும்மா படுத்துக் கிடந்த பணத்துக்குக் காவல் கூலி. போன வாரம் அங்க நின்னப்பவே எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. இன்னிக்கு எக்ஸ்ரே அக்காகிட்ட கேட்டேன், இன்னும் எரியுது.

— எக்ஸ்ரே அக்கா என்ன சொன்னாங்க?

— ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். அதே சம்பளம், அதே பிடித்தம். அவங்க கணக்குல முப்பத்தெட்டு.

— முப்பத்தெட்டா...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— நிறுத்தல. பேனா தகராறு பண்ணுது.

— உதறிட்டு எழுதுங்க. "ஏன் இப்படின்னு கேட்டேன். நாலு கவுண்ட்டர் அலைய விட்டீங்க. நாலாவது ஆள் சொன்னது: நீங்க சேரும்போது கொடுத்த படிவத்துல முதலீட்டு விருப்பம்னு ஒரு கட்டம் இருக்கு. பங்கு, பத்திரம், ரெண்டும் கலந்தது, மூணுல ஒண்ணைக் குறிக்கணும். நீங்க எதையும் குறிக்காம 'விருப்பம் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. விருப்பம் இல்லாதவங்க பணத்தை நாங்க எப்படித் தொடுவோம்?" ஆச்சா?

— இரு... ஏம்மா, அந்த வார்த்தையை அவங்க ஏன் அப்படி எடுத்துக்கணும்?

— எப்படி?

— விருப்பம் இல்லைன்னா முதலீடே வேண்டாம்னா அர்த்தம்? எங்களுக்குன்னு தனி விருப்பம் எதுவும் இல்ல, விவரம் தெரிஞ்சவங்க நீங்க, பார்த்து நல்லதாப் போடுங்கன்னு அர்த்தம்.

— ஓ.

— பின்ன? கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச பணம் சும்மா கிடக்கட்டும்னு எவனாவது எழுதுவானா? மரியாதைக்குச் சொல்ற வார்த்தை அது. ஒரு வீட்டுக்குப் போறோம், காபியா டீயான்னு கேக்கறாங்க, எனக்குன்னு ஒண்ணும் இல்லைங்க, எதுன்னாலும் சரிங்கிறோம். அதுக்காக வெறும் டம்ளரையா நீட்டுவாங்க?

— இவ்வளவு நேரம் பதம் பதம்னீங்க. இப்ப உங்களுக்கே சூடு ஏறுது.

— ஏறாதா? ஒரே ஒரு போன் பண்ணி, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருந்தா... இருபத்தியொரு வருஷத்துல ஒருத்தனுக்குமா தோணல? கட்டணம் பிடிக்க மட்டும் தோணுச்சு இல்ல?

— அதை எழுதுங்க. வெறும் டம்ளரோட சேர்த்து எழுதுங்க.

— எழுதறேன். நல்லா உறைக்கிற மாதிரி எழுதறேன்... ம். முடிச்சிடலாமா? "எனவே தாங்கள் இதனைப் பரிசீலித்து..."

— அவசரப்படாதீங்க, இன்னும் இருக்கு. "அந்தப் படிவத்தை நான் எழுதல."

— அது எதுக்கு இப்போ?

— நான் எழுதலையே. கையெழுத்து மட்டும்தான் என்னுது.

— இருபத்தியொரு வருஷம் ஆச்சு... யாருக்கு ஞாபகம் இருக்கு.

— எனக்கு இருக்கு. வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாள். அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்தேன். மூணு இடத்துல குத்தியும் வரல. அது அழுத அழுகையில எனக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல. ஏழு படிவம் கொடுத்து மறுநாளே வேணும்னாங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்தைப் போட்டதோட சரி.

— ம்...

— மிச்சத்தை நம்ம நெட்டையர்தான் நிரப்பியிருக்கணும்.

— எந்த நெட்டையர்?

— எத்தனை நெட்டையர் இருக்காங்க? சம்பளப் பிரிவுல இருக்காரே, போன மாசம் உங்க ரிப்பேர் கடைக்கு ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு வந்தாரே, அவர். புதுசா சேர்ந்தவங்களுக்கு எல்லாம் அவர்தானே படிவம் எழுதிக் கொடுப்பார்.

— இருக்கலாம்... அவராவே இருக்கலாம்.

— நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?

— எனக்கு என்ன தெரியும்... நீ சொல்ற.

— சரி, எழுதுங்க. "சம்பளப் பிரிவு குமாஸ்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதின ஒரு வார்த்தையால எனக்கு இருபத்துநாலு லட்சம் நஷ்டம். அவருக்கும் இந்த வருஷம்தான் ஓய்வு. விசாரணை முடியற வரைக்கும் அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கணும்."

— ஏய்...

— என்ன ஏய்?

— அந்த ஆளுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கேன்னு என்கிட்ட சொன்னார்.

— நான் எதை நம்பி உட்கார்ந்திருந்தேன்? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, ஒரு மாசம் அந்தப் பிடித்தத்தைக் குறைக்கச் சொன்னேனா? மூட்டு ரெண்டும் வீங்கிப் போய் வர்றேன், இந்த மாசத்தோட சரி, அடுத்த மாசத்தோட சரின்னு பல்லைக் கடிச்சுகிட்டு நிக்கறேன். நீங்க கடையை மூடிடறேன்னீங்க. ரெண்டு பேரும் காலை நீட்டி உட்காரலாம்னு நாள் குறிச்சோம். இன்னிக்கு அது எல்லாத்துலயும் மண். கேட்டா ஒருத்தன் கட்டத்தைக் காட்டறான், ஒருத்தன் கட்டணத்தைக் காட்டறான். தப்புப் பண்ணவன் யாருன்னு ஒரு ஆளைக் காட்ட மாட்டாங்களா? நான் காட்டறேன். எழுதுங்க.

— வேற ஏதாவது...

— எழுதுங்க.

— தப்பு தெரியாம நடந்திருக்கும்மா. கெட்ட எண்ணத்துல யாரும்...

— அதை நெட்டையர் விசாரணையில வந்து சொல்லட்டும். நீங்க ஏன் அவருக்கு வக்கீலா நிக்கறீங்க? முடியாதுன்னா பேனாவை இப்படிக் கொடுங்க. நானே எழுதிக்கறேன்.

— வேண்டாம்.

— கொடுங்கன்னா.

— அவர் எழுதல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ப் படுத்துட்ட. இதே மேசையில உட்கார்ந்து ஏழு படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். அந்தக் கட்டம் வந்தப்ப... பங்குன்னா என்ன, பத்திரம்னா என்ன, எனக்கு ஒரு எழவும் தெரியாது. கம்ப்ரஸரைக் கேட்டா பிரிச்சுக் காட்டுவேன். உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். புருஷனுக்கு இதுகூடத் தெரியலையேன்னு நினைப்பியோன்னு கூச்சம். காலியா விட்டா கேவலமா இருக்கும். அதான் கௌரவமா இருக்கட்டும்னு...

— விருப்பம் இல்லைன்னு.

— ஆமா. வருஷாவருஷம் அவங்க அனுப்பின கணக்குத் தாளையும் நான்தானே பிரிச்சேன். வரி எவ்வளவு மிச்சம்ங்கிற வரியைப் பார்ப்பேன், உன்கிட்ட பெருமையாச் சொல்லுவேன், மடிச்சு வெச்சிடுவேன். கீழ என்ன போட்டிருக்குன்னு படிச்சதே இல்ல. நீ போன வாரம் வந்து அந்த வார்த்தையைச் சொன்ன நிமிஷத்துலேர்ந்து சோறு இறங்கல.

— சோறு இறங்காதவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ அவங்க மேல கோபமா இருந்த... அது அவங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். திட்டு. என்ன வேணும்னாலும் சொல்லு. கடையை மூடல நான். இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டறேன், பத்து வருஷம் ஓட்டறேன். நீ அடுத்த மாசம் வேலையை விட்டுட்டு வீட்டுல இரு.

— படிவத்தோட நகலைப் போன வாரமே அங்க வாங்கிட்டேன். என் பையிலதான் கிடக்கு. முப்பது வருஷமா பார்க்கிற எழுத்து, எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன். நெட்டையர் பேர்ல அந்த வரியை நீங்க எழுதியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல... கடையை மூடறதும் ஓட்டறதும் உங்க பாடு. ஆஸ்பத்திரியில இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சுக் கேட்டு இன்னிக்குக் காலையில கொடுத்துட்டேன். இந்தப் படிவத்தை நானே நிரப்பினேன்.