பிடித்துத் தைத்த சட்டைகள்

புதிதாக ஒரு சட்டை தைப்பது பெரிய விஷயமில்லை. தைத்த சட்டையைப் போட்டுக்கொள்கிறவருக்கே தெரியாமல் பிடித்துச் சிறிதாக்குவதுதான் வேலை. பக்கத் தையலைப் பிரிக்க வேண்டும், தோளை இறக்க வேண்டும், பழைய ஊசித் துளை தெரியாதபடி ஈரத்துணி போட்டு இஸ்திரி போட வேண்டும். என் வீட்டுக்காரரின் ஆறு சட்டைகளையும் நான்கு முறை அப்படிப் பிடித்திருக்கிறேன். உங்கள் மேசையில் இருக்கும் நீலச் சட்டை அதில் ஒன்று. உள்பக்கம் திருப்பிப் பாருங்கள் மேடம், தடம் இருக்கும்.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. அடிப்பாரா என்று கேட்டீர்கள். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. என்னைக் கவனித்ததும் இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "உப்பு கம்மியா இருக்கு" என்றார். சாப்பிட்டு முடித்ததும் சீட்டாடக் கிளம்பிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மாசம் படுக்கை. எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, எடையைக் குறை என்று மருத்துவர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். கொஞ்சம் தேறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, நான் அவரைக்கொடி கட்டுவதைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் நூலைக் கையில் வாங்கிக்கொண்டு, "இப்படிக் கட்டணுமா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். முகத்தைக் கொடியின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் அவருக்கு நன்றாக ஆகிவிட்டது. நான் கைப்பக்குவமாகச் செய்துபோட்டதில் ஆகிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வீட்டுல அடைஞ்சு கிடந்தா பைத்தியம் பிடிச்சுடும்" என்று கிளம்பினார். திரும்பி வந்தவர் பழைய குரலில் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் அவர் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன். ஒரே ஒரு கரண்டி. பட்டியலில் இல்லாத எதையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை மேடம். இருந்ததைத்தான் குறைத்தேன்.

தட்டை மாற்றினேன். சின்னத் தட்டில் கொஞ்சம் வைத்தாலும் நிறைந்து தெரியும். ரொட்டியை மெல்லியதாக வெட்டினேன். கீரையை வேகவைத்து இறுத்த தண்ணீரைச் சூப்பு என்று கொடுத்தேன். இரண்டு மாசத்தில் சீட்டாட்டம் நின்றது. மூன்றாவது மாசம் முக்காலிக்குத் திரும்பி வந்தார். கண்ணு என்று கூப்பிட்டார்.

ஆனால் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "நான் இளைச்சுட்டேனா?" என்று காலரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் தையல் இயந்திரத்தைத் திறந்தேன். அடுத்த வாரம் அவரே சொன்னார், "சட்டை சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் வீண் பயம்." சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். சவரம் செய்துவிடுவது நான்தான், அவருக்குக் கண்ணாடி எதற்கு?

வெளியூரில் இருக்கும் மகள் ஒருமுறை வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா, அப்பா இப்படி ஆயிட்டாரு?"

"டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாருல்ல?" என்றேன்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா என்னைக் குழந்தை மாதிரி பாத்துக்கறா" என்றார். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவராகச் சொன்னது. அன்று மூன்று பேருக்கும் விருந்து மாதிரி சமைத்தேன். அவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பத்து நிமிஷத்தில் அத்தனையும் வாந்தி. "பாத்தியா, அவருக்கு ஒத்துக்கலை" என்றேன். அவளே தரையைத் துடைத்துவிட்டு, "இனிமே உன் இஷ்டப்படியே செய்ம்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

விதைக்கு எடுத்துவைத்த அவரைக்கொட்டை டப்பாவில் நாளுக்கு நாள் குறைந்தது. எலி என்று நினைத்தேன். தலையணை உறையை மாற்றும்போது உள்ளே தோல் தோலாகக் கொட்டியது. பல்லால் கடிக்க முடியாமல், வாயிலேயே ஊறவைத்துத் தின்றிருக்கிறார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டவில்லை நான். டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டேன். அந்த உயரத்துக்கு அவரால் கையைத் தூக்க முடியாது.

கடைசிப் பதினோரு நாள் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டார். தினமும் கேட்டார். "கண்ணு, ஒரு வாய் ஏதாச்சும் குடேன்." அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு, "நாளைக்குத் தரேன்" என்பேன். சரி என்று கண்ணை மூடிக்கொள்வார். கையை விடமாட்டார். அந்தப் பதினோரு நாளும் அந்த வீட்டில் ஒரு சண்டை இல்லை.

நீங்கள் பட்டினி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். சாகிறார் என்று தெரியுமா என்றால், தெரியும். அடுப்பில் கஞ்சி இருந்ததா என்றால், இருந்தது. நான் குடித்தேன். கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை நான் பிடித்துவைக்கவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து, "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன், அவருகிட்டயே கேக்கறேன்" என்றாள். போனை அவர் காதில் வைத்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போனை எடுத்து, "உன் வீட்டுக்கு வேணாமாம், எங்கூடவே இருக்கேங்கறாரு" என்று நான்தான் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா மேடம், அவர் என்ன சொல்ல வந்தார் என்று?