முதல் மூன்று சுற்று

மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, எதிரணியாக இருந்தும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் தென்கரைப் படகுச் சங்கத்தாரே, முன்வரிசையில் இருக்கும் அக்கா அவர்களே, அவருடைய மகளே, நின்றுகொண்டே கேட்கும் பெரியோர்களே, தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

நான் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் செயலாளர் இரண்டு பக்கத்தில் உரையை எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல உரை. அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

தராசு மாஸ்டர்! நம் சங்கத்தின் தலைமை மெக்கானிக், மோட்டார் தேர்வாளர், இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கொட்டகையின் சாவியை இடுப்பில் சுமந்தவர், நம் தராசு மாஸ்டர் இன்று இல்லை!

ஏன் அவருக்குத் தராசு என்று பெயர் வந்தது? பந்தயம் தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். நம் ஹைட்ரோபிளேன் படகு தண்ணீரைக் கிழித்துப் போவதில்லை, தண்ணீரின் மேல் தாவிப் போவது. வேகம் எடுத்துவிட்டால் படகின் அடிப்பாகம் உள்ளங்கை அகலத்துக்குத்தான் தண்ணீரைத் தொடும். அப்படிப்பட்ட படகின் பின்பலகையில் எந்த மோட்டாரை மாட்டுவது என்பதில்தான் வெற்றியும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. மற்றவர்கள் குதிரைசக்தியைப் பார்ப்பார்கள். மாஸ்டர் எடை போடுவார். மோட்டாரை எடை போடுவார், படகை எடை போடுவார், ஹெல்மெட்டும் மேலங்கியும் மாட்டிய ஓட்டுநரையும் தராசில் ஏற்றிவிடுவார். ஒருமுறை என்னை ஏற்றிவிட்டு, "தலைவரே, உங்களுக்கு மோட்டார் வேணாம், மிதவை போதும்"னு சொன்ன மனிதர் அவர்.

சிரியுங்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

எடை போட்டு முடித்ததும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்டாரா? இல்லை. எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறாய் என்று கேட்டாரா? இல்லவே இல்லை. "முழங்கால் எப்படி இருக்கு?" இதுதான் கேள்வி! இந்தப் படகில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை, மண்டியிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வோர் அலையும் முழங்காலில் அடிக்கும். வலிக்கிறவன் தன்னை அறியாமல் பின்னால் சாய்வான். சாய்ந்தால் எடை பின்னால் போகும், போட்ட கணக்கெல்லாம் பொய்யாகும். முழங்கால் வலிக்கிறவனுக்கு அவர் எந்த மோட்டாரையும் கொடுத்ததில்லை.

கொட்டகைக் கதவில் பெயிண்டால் அவர் எழுதிய வரியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். ‘தேர்ந்தெடுத்தவரே முதல் மூன்று சுற்று.’ எந்த மோட்டாரையும் எவர் தேர்ந்தெடுத்தாரோ, அவர்தான் முதலில் அதை ஏரியில் மூன்று சுற்று ஓட்ட வேண்டும். பிறகுதான் இன்னொருவர் உயிரை அதில் ஏற்றலாம். பதிவேட்டில் ‘தேர்ந்தெடுத்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்து யாருடையதோ, அவரே ஓட்டுவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் மழையென்றோ காய்ச்சலென்றோ ஒருநாளாவது அந்த மூன்று சுற்றை அவர் இன்னொருவர் தலையில் கட்டியதுண்டா?

செயலாளர் அவர்களே, சீட்டைக் கொடுக்காதீர்கள். நேரம் ஆகிறது என்று எனக்கும் தெரியும்.

மாஸ்டர் உயிரைக் குடித்த படகு விபத்தைப் பற்றிப் பதினோரு நாட்களுக்கு முன்னால் விசாரணைக் குழு மூன்று வரியில் அறிக்கை கொடுத்தது. ‘மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் கட்டத்தில் காலமானவரின் கையெழுத்து உள்ளது. பொருந்தாத மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததே விபத்துக்குக் காரணம்.’ கீழே தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அன்று முதல் நீங்கள் பேசுவது என் காதில் விழாமல் இல்லை. "மாஸ்டருக்கு வயசாயிடுச்சுப்பா." "கடைசியில கணக்கு தப்பிடுச்சு." மாஸ்டரின் மனைவி, நம் அக்கா காதிலும் விழுந்திருக்கும். நமக்காகப் படகு ஓட்டும் அவர் மகள் சங்கத்தை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று செயலாளர் கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கப்பா பார்வையே தப்பாப் போயிருச்சு. இனி எந்த மோட்டாரை நம்பி நான் மண்டி போடுறது, சார்?"

அம்மா, உன் அப்பாவின் பார்வை தப்பவில்லை. அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது உன் அப்பா அல்ல, நான்!

சலசலக்காதீர்கள், முழுவதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

போன ஆண்டு ஒரு படகு நீளத்தில் கோப்பையைத் தென்கரைக்காரர்களிடம் விட்டோம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆண்டு ஒரு புது மோட்டாரைத் தருவித்தேன். விதி அதை அனுமதித்தது. பழையதைவிடச் சக்தி கூட. கொட்டகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "கம்பெனி பேப்பரைப் படிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றேன்.

"பேப்பர் தண்ணியில போகாது தலைவரே. இது பதினோரு கிலோ கூட. பொண்ணு எடை அம்பத்திரண்டு. பின்னாடி கனம் ஏறுச்சுன்னா முன்னாடி மூக்கு தூக்கும். மூக்குக்கு அடியில காத்து புகுந்தா, அப்புறம் அது படகு இல்ல, பட்டம்."

"அந்தப் பழசை வெச்சு என்னய்யா ஜெயிக்கிறது?"

"பந்தயம் நேர் ஓட்டத்துல ஜெயிக்கிறதில்ல, திருப்பத்துல ஜெயிக்கிறது. திரும்பி எந்திரிக்கும்போது சின்னது சட்டுனு இழுக்கும். இவளுக்கு அதுவே போதும்."

போதும் என்ற சொல் எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். கத்தினேன். "இங்க தலைவர் நானா, நீங்களா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவரைப் பார்த்து அப்படிக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கதான். அப்ப சனிக்கிழமை காலையில மூணு சுத்து நீங்கதான்" என்றார்.

நியாயம்தானே? நானும் ஒரு காலத்தில் ஓட்டியவன்தானே? சரி என்றேன்.

சனிக்கிழமை ஏழு மணி. மகள் உள்ளே மேலங்கி மாட்டிக்கொண்டிருந்தாள், என் மூன்று சுற்றுக்குப் பிறகு அவள் முறை. படகுத்துறையில் மாஸ்டரும் நானும் மட்டும். ஹெல்மெட்டைக் கையில் வாங்கினேன். ஏரியைப் பார்த்தேன். குறுக்குக் காற்று லேசாக இருந்தது. "மாஸ்டர், முழங்கால் பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை இந்தப் பதினான்கு நாளும் நான் எங்கே போனாலும் பார்க்கிறேன். பிறகு ஹெல்மெட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து, என் பெயர் வரவேண்டிய கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"உங்க பேரை ஏன் போடுறீங்க?"

"பேர் போட்டவன்தானே ஓட்டணும். மெதுவா மூணு சுத்து போறேன். மூக்கு தூக்குறதக் கரையில நின்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு நீங்களே கழட்டச் சொல்லுவீங்க."

என்னைத் திருத்தத்தான் போனார், ஐயா! முதல் சுற்றில் மெதுவாகப் போனார். இரண்டாம் சுற்றில் மூக்கு தூக்கியது. பார்த்தேனா? பார்த்தேன். புரிந்ததா? புரிந்தது. அப்போதே இரண்டு கையையும் வீசி நிறுத்தியிருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன்? இந்தக் கையைத் தூக்கி, ‘இன்னும் கொடுங்க, இன்னும்’ என்று காட்டினேன். மெதுவாகப் போவதால்தான் மூக்கு தூக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் சுற்றில், எதிர்க்கரை ஓரத்தில், படகு எழுந்தது. எழுந்தது அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்தது. காவல் படகுக்காரர் இரண்டே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டு நிமிடமும் நான் கையை இறக்கவில்லை.

அக்கா, நீங்கள் அழாமல் என்னைப் பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை.

இதோ என் சட்டைப்பையில் ஓர் அட்டை. பழைய மோட்டாரில் மாஸ்டர் கட்டி வைத்திருந்தது. அன்று மாலையே அவிழ்த்து ஒளித்துவிட்டேன். அவர் கையெழுத்தில் படிக்கிறேன்: ‘மகளுக்கு. எடை ஐம்பத்திரண்டு. முழங்கால் சரி. இதுவே போதும்.’ தேதி, விபத்துக்கு மூன்று நாள் முந்தியது. அவர் தேர்வு இதுதான். இது மட்டும்தான்! அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை, நண்பர்களே. இனி எவராவது தப்பியது என்று சொன்னால், என் பெயரைச் சொல்லி அந்த வாயை அடைத்துவிடுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர்வோம் என்று செயலாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்தத் தகுதி இல்லை. என்னால் முடிந்தது மூன்று. முதலாவது, அந்த அறிக்கையை இப்போதே திரும்பப் பெறுகிறேன். பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே, தேர்ந்தெடுத்தவன் நான் என்று எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன். இரண்டாவது, தலைவர் பதவியை இந்த மைக்கோடு வைத்துவிட்டு இறங்குகிறேன். மூன்றாவது, நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் தேர்ந்தெடுத்த மோட்டாரை மாட்டி, அவருக்கு நான் பாக்கி வைத்த மூன்று சுற்றையும் ஓட்டுகிறேன். அதன்பின் அந்த மோட்டார் அவர் மகளுடையது. அவள் தொடுவாளோ மாட்டாளோ, அது அவள் விருப்பம். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

யார் எழுந்திருப்பது? மாஸ்டர் மகளா? விடுங்கள், அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லாதீர்கள். பேசட்டும். சொல்லம்மா. மைக் வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல், கேட்கிறது.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் கேட்பதை நானே சொல்கிறேன். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள்.

நன்றாக இருக்கிறது, அம்மா. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.