நின்றால் அணையும் வண்டி

தம்பி: மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு.

அக்கா: காலை எடுத்தியா?

தம்பி: எடுக்கச் சொன்னதே நீதான். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஓடுது. காலை எடுத்தா ரெண்டு குலுக்கு குலுங்கி அணைஞ்சு போகுது. நாலாவது தடவையா சொல்றேன்.

அக்கா: கத்தாத. பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறவ நான்.

தம்பி: மணி நாலேகால். ரயில் அஞ்சுக்கு. ஸ்டேஷனுக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும்.

அக்கா: எனக்கும் மணி பார்க்கத் தெரியும்.

தம்பி: எட்டு வருஷமா ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நிக்கற. ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்ற. நம்ம வண்டின்னா மட்டும்...

அக்கா: இருபத்திரெண்டு வயசு வண்டிடா. உன்னைவிட மூத்தது. அதுக்கு நோவு வராதா?

தம்பி: நேத்து வரைக்கும் வராத நோவு. சரியா அப்பா வர்ற அன்னிக்கு...

அக்கா: அந்தாள்னு சொல்லு.

தம்பி: அப்பான்னுதான் சொல்வேன்.

அக்கா: பதினெட்டு வருஷம் கழிச்சு ஒரு போன். அஞ்சு மணிக்கு வர்றேன், காரை எடுத்துட்டு வாங்கன்னு. அதைக் கேட்டு பல்லை இளிச்சவன்தானே நீ.

தம்பி: நான் அவரை போட்டோவுலதான் பார்த்திருக்கேன். திட்டறதா இருந்தாக்கூட நேர்ல பார்த்துட்டுத்தான் திட்டணும்.

அம்மா: என்ன சத்தம்? தெருவுக்கே கேக்குது. நான் தலை வாரிக் கிளம்பி எவ்வளவு நேரமாச்சு.

அக்கா: எங்கயோ காத்து உள்ள போகுதும்மா. பெட்ரோலோட காத்து அளவுக்கு மீறிக் கலந்தா, நிக்கும்போது இப்படித்தான் அணையும்.

அம்மா: இத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு நாள் என்னை நடுரோட்டுல விட்டதில்ல. சீக்கிரம் பாரு. அவரைக் காக்க வைக்கக் கூடாது.

அக்கா: உனக்கு ரோஷமே கிடையாதா?

அம்மா: வேலையைப் பாரு.

தம்பி: ஸ்டார்ட் பண்றேன். கிளீனர் ஸ்ப்ரேவை அடி.

அக்கா: கால் லேசா இருக்கட்டும். ஒவ்வொரு ரப்பர் குழாய் மேலயும் அடிப்பேன். ஓட்டை இருக்கற இடத்துல பட்டா அதை உள்ள இழுத்து என்ஜின் சத்தம் மாறும். மாறினா சொல்லு... இங்க?

தம்பி: இல்ல.

அக்கா: இங்க?

தம்பி: அதேதான்.

அக்கா: இந்த ஜாயிண்ட்?

தம்பி: ம்ஹூம்... ஏன் நிறுத்திட்ட?

அக்கா: எல்லாத்துலயும் அடிச்சாச்சு.

தம்பி: அடிக்கல. பானெட் இடுக்குல உன் கை எனக்குத் தெரியுது. என் பக்கமா கடைசியில ஒரு சின்னக் குழாய் இருக்கு. மூணு தடவ அது பக்கத்துல வந்துட்டு மூணு தடவயும் தாண்டிப் போன.

அக்கா: அது நல்லாத்தான் இருக்கு.

தம்பி: அடிச்சுப் பார்க்காம எப்படித் தெரியும்?

அக்கா: தெரியும்னா தெரியும்.

தம்பி: இரு, ஆஃப் பண்ணிட்டு வர்றேன்... தள்ளு. தள்ளுக்கா.

அம்மா: நீங்க அடிச்சுக்கிட்டு முடிங்க. எனக்குக் கால் கடுக்குது, நான் முன் சீட்டுல உக்கார்றேன்.

தம்பி: குழாய் பாதி கழண்டு தொங்குது. மாட்டற கிளிப்பைக் காணோம். கையைத் திற.

அக்கா: கை பூரா கிரீஸ்டா.

தம்பி: திறன்னு சொல்றேன்ல.

அக்கா: இந்தா. கழட்டினது நான்தான். காலையில, நீ குளிக்கப் போனப்ப. போதுமா?

தம்பி: கேவலமா இல்ல உனக்கு?

அக்கா: இல்ல. எனக்கு அப்ப பத்து வயசுடா. தெருவுல எந்த வண்டி வந்தாலும் வாசலுக்கு ஓடினேன். நீ ஒரு வயசுக் குழந்தை, நல்லாத் தூங்கின. இப்ப அந்தாளு சொன்னா நான் டிரைவரா போய் நிக்கணுமா?

தம்பி: நீ வர வேணாம். என்னைப் போக விடு. உன் கோவத்துக்கு என்னை ஏன் கட்டி வைக்கற?

அக்கா: கிளிப்பைக் கொண்டா. உனக்கு மாட்ட வராது.

தம்பி: அழறியா?

அக்கா: பெட்ரோல் நெடி. போய் சாவியைத் திருப்பு.

தம்பி: திருப்பறேன்... என்ஜின் சுத்துது, புடிக்கல.

அக்கா: சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில பெட்ரோலை இழுக்கற பம்ப் சத்தம் ரெண்டு செகண்டு வருமே, கேட்டுச்சா?

தம்பி: ஒண்ணும் கேக்கல. இதையும் நீதான...

அக்கா: சத்தியமா இல்ல. அந்தக் குழாய் ஒண்ணுதான். இப்பத்தானே ஓடிட்டிருந்துச்சு? பம்ப் பியூஸைப் பாரு. டேஷ்போர்டுக்குக் கீழ, அம்மா முட்டிக்கு நேரா.

தம்பி: மூடி திறந்து கிடக்கு. ஒரு பியூஸ் இல்ல.

அக்கா: போன வருஷம் அதை மாத்தினது... அம்மா?

தம்பி: அம்மா, கைக்குள்ள என்ன?

அம்மா: பியூஸ்தான். அன்னிக்கு அவரு அஞ்சு மணி வண்டியில திரும்பிடுவேன், ஸ்டேஷனுக்கு வந்துடுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு, கடைசி ரயில் போற வரைக்கும் நின்னேன். கூட்டிட்டு வர வேணாம்னு நான் சொல்லல. போலாம்... கடைசி ரயில் போகட்டும், பியூஸைத் தர்றேன்.