கர்னலோட ஆடு

"குதிரைக்குத் தொணைக்கு ஆடு வாங்கிட்டுப் போகுதாம்" என்று பின் இருக்கையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். ரயில் ஹட்டனை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது; எதிரில் இருந்த அம்மாவுக்கும் கேட்டது. அவர் காலடியில் இருந்த சாக்கைச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்தார். நானு ஓயா வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டே வந்தார்.

சிரிக்கட்டுமே... அவங்களுக்கென்ன. நீங்க சொல்லுங்க டீச்சர். டீச்சர்தானுங்களே? பொஸ்தகம் இருக்கு, குட இருக்கு, டீச்சராத்தான் இருக்கணும். இந்தச் சாக்குக்குள்ள இருக்கே, இது மூணாவது ஆடு. ஒரே மாசத்துல மூணு. எல்லாம் அந்தக் கர்னலால வந்தது.

கர்னலுன்னா மனுசன் இல்லீங்க, குதிர. முழுப்பேரு இங்கிலீசுல இந்த ரயிலு நீளம், எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தர் வாயிலயும் நொழையாது. நுவரெலியா ரேசுல மூணு வருசம் ஓடுனான், தனக்கு முன்னால ஒரு குதிர வாலக்கூட அவன் பாத்ததில்லன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவருதான் குதிரக்காரரு, வீரய்யான்னு பேரு. இப்ப ஓட்டம் இல்ல. கால்ல அடி பட்டுருச்சு, எங்க தோட்டத்துத் தொர வாங்கியாந்து லாயத்துல கட்டிட்டாரு. இப்ப என்ன வேலன்னா... அத எப்படிச் சொல்றது, நீங்க கல்யாணம் ஆகாத புள்ள... ம்... மாப்பிள வேல. அம்புட்டுதான். நீங்க சன்னல் பக்கம் பாத்துக்கங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

கொழும்புலேருந்து, கண்டியிலேருந்து, பொம்பளக் குதிரைங்கள ரயில்ல ஏத்தி அனுப்புறாங்க டீச்சர். ஒவ்வொண்ணும் செகப்புக் கம்பளி போத்திக்கிட்டு வருது, நான் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒண்ணு கட்டல. அவன் குட்டிங்க ஓடாத ரேசே இல்லயாம். கர்னல் மகன் ஜெயிச்சான், கர்னல் பேத்தி ஜெயிச்சாள்னு பேப்பர்ல போடுதாம். தொர அதெல்லாம் வெட்டி லாயத்துச் செவுத்துல ஒட்டி வச்சிருக்காரு. தீனியக் கேட்டா மயங்கிருவீங்க. காரட்டு, பார்லி, அப்புறம் முட்ட... கறுப்பு பீருல ஒடச்சு ஊத்தி. நான் மல ஏறித் தேயிலக் கொழுந்தெடுத்துட்டு வந்தா எனக்கு ரொட்டியும் சம்பலும். எங்க வீட்டு மனுசன் எங்கிட்ட ஒரு நா சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. கர்னல்கிட்ட கேப்பாரு. அவனும் தலைய ஆட்டுவான்.

ஆடு எதுக்குன்னுதானே... வாரேன். ரேசு ஓடுன காலத்துலேருந்து அவனுக்கு ஒரு ஆடு தொண. கறுப்புக் கெடா, பொட்டு வெள்ள முடி கெடையாது. அது பக்கத்துல நின்னாத்தான் திம்பான், தூங்குவான். மத்த வேலையும் அப்படித்தான். பொண்ணு வந்து நிக்கும், இவன் ஆட்ட ஒரு பார்வ பாத்து மூச்சு விட்டுட்டுத்தான் கிட்ட போவான். பெரியவங்ககிட்ட சம்மதம் கேக்குற மாதிரி.

ஏய், விடு... ஐயோ, பொஸ்தகத்தத் திங்குது பாருங்க. ஓரந்தான், எழுத்துப் பக்கம் போகல.

அந்தக் கெடா காணாமப் போயி ஒரு மாசமாச்சு. கர்னல் தீனிய மோந்துகூடப் பாக்கல. ரெண்டு குதிர வந்துச்சு, ரெண்டுக்கும் முதுகக் காட்டிக்கிட்டு நின்னான். தொர வேற ரெண்டு ஆடு வாங்கிப் போட்டாரு, ஒண்ணக் கடிச்சான், இன்னொண்ண ஒதச்சான். கடைசியில, சிரிக்காதீங்க, தொரையே லாயத்து வாசல்ல நின்னு மே... மேன்னு கத்துனாரு. கால்சட்டையும் தொப்பியுமா. கொழுந்து நிறுக்குற எடத்துல நாங்கல்லாம் கூடைக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டோம். கர்னல் மட்டும் சிரிக்கல.

கெடா காணாமப் போன அன்னைக்கு லாயத்துக் காவல் மூக்கன். அவந்தான் ஆட்ட வித்துட்டான்னு தொர முடிவு பண்ணிட்டாரு. தோட்டத்த விட்டே போன்னு பத்துச்சீட்டு எழுதிக் குடுத்தாச்சு. பொண்டாட்டி பூரணி, நாலு புள்ளைங்க. இன்னைக்குத்தான் கெளம்பணும். பாவம் அவன், ஒரு கோப்ப தேத்தண்ணி குடிக்கத் திரும்பி உக்காந்தான், அவ்வளவுதான். தேத்தண்ணி குடுத்தது நாந்தான். திரும்பி உக்காருன்னு சொன்னதும்...

என்ன டீச்சர், இப்ப இந்தப் பக்கம் பாக்குறீங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னால கர்னலுக்கு வயித்துவலி. குதிரைக்கு வந்தா பொழைக்கிறது கஷ்டமாம். கெடந்து உருளுறான். பெத்த ஆத்தா செத்தப்பவே கண்ணு கலங்காதவரு எங்க வீட்டுக்காரரு, வைக்கோல்ல உக்காந்து அழுவுறாரு. எனக்கு அந்தக் குதிரயக் கண்டா ஆகாது. ஆனா அவரு அழுததப் பாக்க முடியல. முனியாண்டி சாமி, இவன எழுப்பி விட்டுரு, இந்தக் கெடாவ ஒனக்கே தந்துர்றேன்னுட்டேன். கண்ணு முன்னால நின்னது அதுதானே. கொஞ்ச நேரந்தான், கர்னல் எந்திரிச்சு நின்னு லத்தி போட்டான். இவரு அத ரெண்டு கையாலயும் அள்ளி எங்கிட்ட காட்டுனாரு, பவுன் மாதிரி.

சொன்ன ஆட்ட மாத்திக் குடுத்தா முனி சும்மா விடுமா? ஒரு மாசம் தள்ளிப் பாத்தேன். டயகமயில எங்க அக்கா லயத்துல கெடா வெட்டுன்னாங்க, ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். மஞ்சத்தண்ணி தெளிச்சா ஆடு ஒடம்பத் துலுக்கணும், துலுக்கலன்னா சாமிக்கு வேணாம். நான் கும்புட்டு நின்னுக்கிட்டே, துலுக்காத, துலுக்காதன்னு கெஞ்சுறேன். நின்னுச்சு... நின்னுச்சு... துலுக்கிருச்சு.

பங்கு வைக்காமத் திங்கக்கூடாதே. அக்கா குடுத்த கறின்னு லயம் பூரா குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு தரம் போட்டுக்கிட்டாரு. மூக்கன், நல்லாருக்கு அக்கான்னான். பங்களா சமையக்காரரு ஒரு தொடையத் தூக்கிட்டுப் போனாரு. தொர அன்னைக்கு என்ன சாப்பிட்டாருன்னு நான் கேக்கல.

இதே ரயில்ல, கடைசிப் பெட்டியில, கொழும்புக் குதிர ஒண்ணு வருது டீச்சர். தொரையும் எங்க வீட்டுக்காரரும் நானு ஓயாவுல நிப்பாங்க. ஆட்டு யாவாரி சரிபுதீன் நானா இந்த ஆட்டத் தேடிப் புடிச்சுக் குடுத்தாரு, அச்சு அசலா அது மாதிரியே. கர்னலுக்கு இது புடிச்சுப்போச்சுன்னா தொர கோவம் எறங்கிரும், மூக்கனையும் போவேணாம்பாரு. நான் வாயத் தொறக்காமலே முடிஞ்சுரும், இல்லீங்களா? சொன்னேன்னா எங்க வீட்டுக்காரர லாயத்துலேருந்து எடுத்துருவாரு தொர. குதிரயப் பிரிஞ்ச மனுசன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது... நீங்களே சொல்லுங்க. படிச்சவங்கதானே...

நானு ஓயாவில் பனி இறங்கியிருந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பளி போர்த்திய குதிரையைப் பலகை வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொப்பி வைத்த துரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ப் பக்கம், ஹட்டன் ரயிலுக்காக, ஒரு தகரப் பெட்டியின் மேல் நான்கு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள்.

அந்த அம்மா அவர்களைப் பார்த்தார். இறங்கினார். சிரித்துக்கொண்டு ஓடிவந்த கணவர் கையில் சாக்கைக் கொடுத்தார். நேரே துரைக்கு முன்னால் போய் நின்றார்.

"தொர, மூக்கன் இல்ல. நாந்தான்" என்றார்.